கண்மாய்க் கரை, கோயில் காடு, உண்ணி: செட்டிநாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் வருகிறவர்கள் பெரும்பாலும் வீடு பார்க்கத்தான் வருகிறார்கள். இரண்டாம் நாளே வெளியில் இறங்கிவிடுகிறார்கள். அய்யனார் கோயில் குதிரைகளைப் படம் எடுக்க வேண்டும், வேட்டங்குடிக்குப் போய்ப் பறவை பார்க்க வேண்டும், திருமயம் கோட்டைப் பாறையில் ஏற வேண்டும், காணும் பொங்கலன்று சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் நிற்க வேண்டும். இன்னொரு கூட்டம் குலதெய்வத்துக்குப் படைக்க சென்னை, பெங்களூரு, சிங்கப்பூரிலிருந்து பிள்ளை குட்டிகளோடு வந்து கோயில் காட்டில் ஒரு பகல் முழுக்க இருக்கிறது. இவர்கள் எல்லோருக்குமாகத்தான் இந்தக் கட்டுரை.

உண்ணியைப் பற்றி இணையத்தில் தேடினால் முதலில் லைம் நோய்தான் வந்து நிற்கும். அதைப் பரப்பும் உண்ணி வகைகள் வட அமெரிக்கா, ஐரோப்பா போன்ற குளிர்நாட்டுக் காடுகளுக்கு உரியவை. கர்நாடகத்தில் 1957இல் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணியால் பரவுவதுதான். ஆனால் அது மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளைச் சேர்ந்த விஷயம். செட்டிநாட்டுக்கு வரும்போது இந்த இரண்டு பயத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வரலாம். இங்கே கவனிக்க வேண்டியது வேறு. கண்ணுக்குத் தெரியும் உண்ணியைவிட, கண்ணுக்கு எட்டாத ஒரு சிறுபூச்சிதான் இந்தப் பக்கம் ஆளைப் படுக்க வைக்கிறது. இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொண்டால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம்

உண்ணி பூச்சி இனம் இல்லை. சிலந்தி, தேள் வம்சம். வளர்ந்ததற்கு எட்டுக் கால், முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு கால். குஞ்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ரத்தம் குடிக்காத பெரிய உண்ணி மூன்று நான்கு மில்லிமீட்டர். வயிறு நிறையக் குடித்த பெண் உண்ணி ஆமணக்கு விதை போல உருண்டு சாம்பல் நிறத்தில் தொங்கும். அது பறக்காது, குதிக்காது. புல் நுனியிலோ செடி ஓரத்திலோ ஏறி, பின்கால்களால் பிடித்துக்கொண்டு முன்கால் இரண்டையும் நீட்டிக் காத்திருக்கும். நம் மூச்சுக்காற்றையும் உடல் சூட்டையும் அந்த முன்கால்களில் உள்ள உறுப்பால் உணரும். நாம் உரசிப் போனால் தொற்றிக்கொள்ளும். பிறகு மேலே ஊர்ந்து போய், தோல் மெல்லிசாகவும் ஈரமாகவும் இருக்கும் இடத்தில் வாயை ஊன்றும். அதன் எச்சிலில் மரத்துப்போகச் செய்யும் பொருள் இருப்பதால் கடித்ததே தெரியாது. இது முக்கியமான விஷயம். வலிக்கவில்லை என்பதால் கடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

இந்தப் பக்கம் நாம் அதிகம் பார்ப்பது நாய் உண்ணியும் மாட்டு உண்ணியும்தான். மாட்டு உண்ணி குஞ்சிலிருந்து பெரிதாகும்வரை ஒரே மாட்டின் மேலேயே காலத்தைக் கழித்துவிடும். நாய் உண்ணி அப்படி இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்தபின் கீழே இறங்கி, சுவர் இடுக்கில் ஒளிந்து, தோல் உரித்து, மறுபடி நாயைத் தேடி ஏறும். வீட்டுக்குள் உண்ணி வருவது பெரும்பாலும் இப்படித்தான்.

இனி அந்தச் சிறுபூச்சி. இதுவும் உண்ணிக்கு உறவுதான், ஆனால் கடிப்பது அதன் குஞ்சு மட்டும். அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி. வெறும் கண்ணுக்குப் பெரும்பாலும் தெரியாது. எலி நடமாடும் புதர், வரப்பு, அறுத்த வயல், கண்மாய்க் கரைப் புல் இவைதான் அதன் இடம். இது கடித்தால் வருவதுதான் ஸ்க்ரப் டைபஸ். தமிழ்ச் செய்திகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதப்படுவதும் இதைத்தான். இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் இருந்த படைவீரர்களை ஆயிரக்கணக்கில் வீழ்த்தியது இந்தக் காய்ச்சல். பர்மாவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த குடும்பங்கள் வாழும் ஊர் என்பதால் இதைச் சொல்கிறேன். மருந்து இல்லாத காலத்தில் அது உயிரை எடுத்த நோய். இன்று எளிதில் குணமாகும் நோய், நேரத்தோடு கண்டுபிடித்தால்.

எந்த மாதம், எந்த இடம்

ஸ்க்ரப் டைபஸ் தமிழ்நாட்டில் ஆடி ஆவணியில் மெல்லத் தொடங்கி, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு குளிர்ந்த மாதங்களில் உச்சத்துக்குப் போகும். மாசி தாண்டினால் இறங்கும். செட்டிநாட்டுக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வருவதும் அதே மார்கழி, தையில்தான். வெயில் இதமாக இருக்கிறது, புல் பச்சையாக இருக்கிறது, பறவை வந்திருக்கிறது. பூச்சிக்கும் அதுதான் பிடித்த காலம்.

சித்திரை வைகாசி வெயிலில் பொட்டலில் நடப்பதற்குப் பெரிய கவலை வேண்டாம். சூடான, வறண்ட சரளை மண்ணில் உண்ணி காய்ந்து செத்துவிடும். ஆனால் அதே வெயிலில் ஒரு மர நிழல் தேடி உட்காருவோம் பாருங்கள், அங்கேதான் பிரச்சினை. சீமைக்கருவேலத்தின் அடியில் ஆடு மாடு பகல் முழுக்கப் படுத்துக் கிடந்திருக்கும். அதன் மேலிருந்து இறங்கிய உண்ணி அந்த நிழல் மண்ணிலும் சருகிலும் இருக்கும். ஆட்டுக்கிடை போட்டிருந்த இடமும் அப்படித்தான். தேவகோட்டைப் பக்கம் ஒரு கிடைக்காரர் வெளியூர்ப் பையன்களைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, அந்த நெழல்ல உக்காராதீக. ஆடு எந்திரிச்சுப் போயி அரை நாளுகூட ஆகல." இவ்வளவுதான் விதி. கீழே ஆட்டுப் புழுக்கை, மாட்டுச் சாணம், நாய் படுத்த குழி இருந்தால் அந்த நிழல் நமக்கு வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை என் கவலையின் வரிசை இதுதான். கண்மாய்க் கரையின் உள்பக்கப் புல்லும் கோரையும் முதலில். அடுத்து, கோயில் காட்டில் பாதையை விட்டு விலகிய புதர்கள், உண்ணிச்செடி (லந்தானா) மண்டிய ஓரங்கள். அதற்கடுத்து, பல வருடம் பூட்டிக் கிடந்த வீடுகளின் பின்கட்டும் தோட்டமும். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் கரைமேல் பாதையிலேயே நின்று பார்த்தால் கவலை குறைவு. படத்துக்காகக் கரையிலிருந்து இறங்கிப் புல்லில் மண்டியிடுவதுதான் ஆபத்து. திருமயம் கோட்டை போன்ற வெறும் பாறையில் ஏறுவதற்கு இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஏறும் வழியில் புல்லை ஒதுக்கிப் போனால் போதும்.

கிளம்புவதற்கு முன்

வெளிர் நிற உடை. வெள்ளை, சந்தனம், இளநீலம் எதுவானாலும் சரி. கறுப்புத் துணியில் உண்ணி ஊர்வது தெரியாது. முழுக்கால் பேன்ட், முழுக்கைச் சட்டை. சட்டையை உள்ளே விட்டு, பேன்ட் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். பார்ப்பதற்கு எப்படி இருக்கிறது என்று யோசிக்க வேண்டாம். கீழிருந்து மேலே ஏறும் உயிருக்கு இது ஒன்றுதான் தடுப்புச் சுவர். சேலை, வேட்டி, பாவாடை என்றால் உள்ளே முழங்காலுக்குக் கீழ்வரை வரும் லெகிங்ஸும் காலுறையும் போட்டுக்கொள்வது நல்லது. குழந்தைகளுக்கு அரைக்கால் டவுசர் வேண்டாம்.

பூச்சி விரட்டி வாங்கும்போது அட்டையில் டீட் என்றோ பிகாரிடின் என்றோ எழுதியிருக்கிறதா, எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். 20 முதல் 30 சதவீதம் வரை உள்ள டீட் உண்ணிக்கும் சிறுபூச்சிக்கும் பல மணி நேரம் தாங்கும். கொசுவுக்காக விற்கும் மெல்லிய கிரீம்கள் அவ்வளவு நேரம் நிற்காது. திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். கணுக்கால், முழங்காலின் பின்பக்கம், இடுப்புப் பட்டை, கழுத்து ஆகிய இடங்களை விட்டுவிடாதீர்கள். வெயில் கிரீம் பூசுகிறவர்கள் அதை முதலில் பூசிவிட்டு, அதன்மேல் விரட்டியைப் பூச வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு டீட் கூடாது. எந்தக் குழந்தைக்கும் உள்ளங்கையில் பூசாதீர்கள், கை வாய்க்குப் போகும்.

பெர்மெத்ரின் என்ற மருந்து துணிக்கும் காலணிக்கும் மட்டும் உரியது, தோலில் பூசுவதற்கு இல்லை. 0.5 சதவீதக் கரைசலைத் துணியில் தெளித்துக் காயவைத்துப் போட்டால் அதில் ஏறும் உண்ணி செத்துவிழும். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரலாம். மாட்டுக்குத் தெளிக்க விற்கும் திரவத்தை வாங்கி அளவு தெரியாமல் துணியில் தெளிப்பது வேண்டவே வேண்டாம். இன்னொன்று: பெர்மெத்ரின் பூனைக்கு விஷம். பூனை இருக்கும் வீட்டில் ஈரத்தோடு அந்தத் துணியைக் காயப்போடாதீர்கள்.

பையில் இருக்க வேண்டியவை: கூர் நுனி உள்ள முள்வாங்கி, கொஞ்சம் ஸ்பிரிட் அல்லது சானிடைசர், ஒரு சின்ன மூடி போட்ட டப்பா, அகலமான செலோடேப், விரித்து உட்கார ஒரு தடித்த பாய் அல்லது பிளாஸ்டிக் விரிப்பு. கருவேலமுள் நிறைந்த ஊர் என்பதால் முள்வாங்கி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். நுனி நன்றாகச் சேர்கிறதா என்று விரல் முடி ஒன்றைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்.

நடக்கும்போது, கோயில் காட்டுக்குள் இருக்கும்போது

பாதை நடுவிலேயே நடங்கள். மாட்டு வண்டித் தடம் இருந்தால் அதிலேயே போங்கள். இரண்டு பக்கமும் புல் இடுப்பு உயரம் நிற்கும் ஒற்றையடிப் பாதையில் கையால் புல்லை வருடிக்கொண்டே போகும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிட வேண்டும்.

கோயில் காட்டில் ஒரு உண்மையான சிக்கல் இருக்கிறது. அய்யனார், கருப்பர் கோயில் எல்லைக்குள் காலணி போடக் கூடாது. பல இடங்களில் காடு தொடங்கும் இடத்திலேயே கழற்றிவிடச் சொல்வார்கள். அதை மதிக்க வேண்டும். அதற்காகப் பாதுகாப்பை விட வேண்டியதில்லை. நான் வருகிறவர்களுக்குச் சொல்வது இப்படி: காலணியைக் கழற்றுமுன் கணுக்காலிலும் பாதத்தின் மேல்பக்கத்திலும் விரட்டியைத் தடவிக்கொள்ளுங்கள். கோயில் முன்னால் பெருக்கிய மண் தரை இருக்கும், குதிரைச் சிலைகளின் வரிசைக்கு நடுவே தேய்ந்த தடம் இருக்கும், அதிலேயே நில்லுங்கள். சிலைக்குப் பின்னால் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்று சருகு மூடிய இடத்தில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். அங்கே உண்ணி மட்டும் இருப்பதில்லை. பாம்பும் இருக்கும், முள்ளும் இருக்கும். வெளியே வந்ததும் ஊருணியிலோ குழாயிலோ முழங்கால்வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் காலுறை போடுங்கள். கடித்து ஊன்றுவதற்கு முன் சிறுபூச்சி சோப்பு நீரில் போய்விடும்.

படையல் நாள் என்றால் அடுப்பு மூட்டி, பொங்கல் வைத்து, கிடா வெட்டி, சமைத்துச் சாப்பிட்டு முடிக்கச் சாயங்காலம் ஆகிவிடும். மதியம் ஒரு தூக்கம் போடாமல் இருக்க மாட்டார்கள். தரையில் துண்டை விரித்துப் படுப்பதுதான் எனக்குப் பயம். தடித்த விரிப்பு வேண்டும். கட்டில் இருந்தால் இன்னும் நல்லது. குழந்தையைத் தூங்கவைக்க மரக்கிளையில் சேலைத் தொட்டில் கட்டுங்கள், தரையில் போடாதீர்கள். கழற்றிய சட்டையைப் புதர்மேல் காயப்போடாதீர்கள். கிடாவைப் பிடித்து நிற்கிறவர்கள் கையையும் மார்பையும் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும். உடல் சூடு குறையத் தொடங்கியதும் உண்ணி வேறு இடம் தேடிக் கிளம்பும்.

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குன்றக்குடியில் கூடி சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும் நகரத்தார் காவடியிலும், அதோடு சேர்ந்து நடக்கும் ஊர்க் கூட்டங்களிலும் ராத்திரித் தங்கல் தோப்பிலோ வயல் ஓரத்திலோ அமைந்துவிடுவது உண்டு. வெறுங்கால், தை மாதம், வயல் ஓரம் மூன்றும் சேர்கிறது. தங்கும் இடத்தில் விரிப்பைப் போடுமுன் கீழே சருகை ஒதுக்குங்கள். அதிகாலை இருட்டில் ஒதுங்கப் போகும்போது உயரமான புல்லுக்குள் உட்காருவது சிறுபூச்சி கடிக்கப் பெரிய வழி. வெட்டவெளி மண்ணாகப் பார்த்துப் போங்கள். ஒவ்வொரு ஊர்க் குளியலிலும் துண்டால் அழுத்தித் தேய்த்துக் குளிப்பது இந்த நடையில் நம்மால் செய்ய முடிந்த பெரிய பாதுகாப்பு.

திரும்பி வந்ததும்

இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன். விரட்டி மறந்துபோகலாம், காலுறை மறந்துபோகலாம். சாயங்காலச் சோதனையை மட்டும் மறக்கக் கூடாது. உண்ணி கடித்த நொடியிலேயே நோயை ஏற்றிவிடுவதில்லை. பொதுவாகச் சில மணி நேரமாவது ஒட்டியிருக்க வேண்டும். அந்த அவகாசம்தான் நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல காலம்.

அறைக்குள் நுழைந்ததும் மெத்தையில் விழாதீர்கள். போட்ட துணியை வாசலிலோ குளியலறையிலோ கழற்றி ஒரு பையில் கட்டி வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிடுங்கள். குளிக்கும்போதே கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத சின்னப் பருக்கை விரலுக்குத் தெரியும். காதுக்குப் பின்னால், காதுக்குள், தலைமுடி வேரில், பிடரியில், அக்குளில், தொப்புளில், இடுப்பில் பேன்ட் பட்டை அழுத்திய வரியில், மார்புக்குக் கீழ் மடிப்பில், தொடை இடுக்கில், பிறப்புறுப்பைச் சுற்றி, முழங்காலுக்குப் பின்னால், கால் விரல் இடுக்கில். முதுகையும் பிடரியையும் இன்னொருவர் பார்க்க வேண்டும். குழந்தைகளின் தலையைப் பேன் பார்ப்பது போல வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள். வீட்டில் ஆச்சியோ அப்பத்தாவோ இருந்தால் அவர்களிடம் பிள்ளையைக் கொடுத்துவிடுங்கள், நம்மைவிடப் பொறுமையாகப் பார்ப்பார்கள்.

துணியைச் சாதாரணத் தண்ணீரில் அலசினால் உண்ணி சாகாது. கொதிக்கவைத்து இறக்கிய சுடுநீரில் ஊறவைத்துத் துவைத்து, பளிச்சென்ற வெயிலில் முழுதாகக் காயவிடுங்கள். டிரையர் இருக்கும் விடுதி என்றால் துவைக்கும் முன்பே காய்ந்த துணியை அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டினால் போதும். பையையும் கேமராப் பட்டையையும் தொப்பியையும் உதறிப் பார்க்க மறக்காதீர்கள்.

சிலசமயம் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான பொடி உண்ணிகள் காலில் ஏறிவிடும். முட்டை பொரிந்த கூட்டத்தை மிதித்திருப்போம். ஒவ்வொன்றாக எடுக்க முயலாதீர்கள். செலோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தால் ஊன்றாதவை எல்லாம் அதோடு வந்துவிடும்.

கடித்து ஊன்றியிருந்தால்

பதற்றம் வேண்டாம். ஆற அமர உட்கார்ந்து, வெளிச்சத்தில், கையைக் கழுவிக்கொண்டு செய்யுங்கள்.

1. முள்வாங்கியின் நுனியை உண்ணியின் வயிற்றில் பிடிக்காமல், தோலை ஒட்டி அதன் வாய்ப்பக்கத்தில் பிடியுங்கள்.
2. நேராக மேலே, ஒரே சீரான அழுத்தத்தில் இழுங்கள். திருக வேண்டாம், வெடுக்கென்று பிடுங்க வேண்டாம். தோல் கொஞ்சம் கூடாரமாக எழும்பும். அப்படியே சில நொடி பிடித்திருந்தால் விட்டுவிடும்.
3. இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி ஸ்பிரிட் தடவுங்கள். கையையும் கழுவுங்கள்.
4. உண்ணியை விரலால் நசுக்காமல் ஸ்பிரிட் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுங்கள், அல்லது டேப்பில் ஒட்டி மடித்துவிடுங்கள்.
5. அன்றைய தேதி, கடித்த இடம், எந்த ஊரில் நடந்தீர்கள் என்பதை செல்போனில் குறித்து, அந்த இடத்தை ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

வாயின் துணுக்கு உள்ளேயே நின்றுவிட்டால் ஊசியால் குடைந்து புண்ணாக்காதீர்கள். எளிதில் வந்தால் எடுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள், தோலே சில நாளில் தள்ளிவிடும். முள்வாங்கி கையில் இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையை விரலில் சுற்றிக்கொண்டு நகத்தால் தோலை ஒட்டிப் பிடித்து இழுக்கலாம். எடுக்காமல் இரவு முழுக்க விடுவதைவிட அது மேல்.

ஊரில் பலர் பல வைத்தியம் சொல்வார்கள். மண்ணெண்ணெய் தடவு, சுண்ணாம்பு வை, ஊதுபத்தியால் சுடு, வேப்பெண்ணெய் ஊற்று, நகப்பூச்சு பூசு. சொல்கிறவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் எரிச்சலூட்டப்பட்ட உண்ணி விடுவதற்கு முன் தன் வயிற்றில் உள்ளதைக் கடிவாய்க்குள் கக்க வாய்ப்பு உண்டு. எதைத் தவிர்க்க இவ்வளவு பாடுபடுகிறோமோ அதையே உள்ளே தள்ளுவதாக ஆகிவிடும். சுட்டால் நம் தோலும் வேகும். பெரியவர்களிடம் வாதாட வேண்டாம். முள்வாங்கியை எடுத்து முதலில் இழுத்துவிடுங்கள்.

காது தனி விஷயம். தரையில் படுத்துத் தூங்கியவர்களுக்கும், நாயோடு விளையாடும் குழந்தைகளுக்கும் உண்ணி காதுக்குள் போய்ச் செவிப்பறை அருகே கடித்துக்கொள்வது நம் நாட்டில் மருத்துவர்கள் பார்க்கும் ஒன்றுதான். தாங்க முடியாத வலி, காதுக்குள் ஏதோ ஊரும் உணர்வு. எண்ணெய் ஊற்றாதீர்கள், ஊக்கு விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். கண் இமை ஓரத்தில் ஊன்றியிருந்தாலும் மருத்துவரே எடுக்கட்டும்.

கடித்த இடம் கொஞ்சம் சிவந்து, தடித்து, ஒன்றிரண்டு வாரம் அரிப்பது இயல்பு. அதற்காக மாத்திரை வேண்டியதில்லை.

அடுத்த மூன்று வாரம்

ஸ்க்ரப் டைபஸ் கடித்த ஆறாம் நாளிலிருந்து இருபத்தொன்றாம் நாளுக்குள் தலைகாட்டும்; பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு நாளில். அதாவது ஓரிரு நாள் வந்து போகிறவர் என்றால் நீங்கள் செட்டிநாட்டில் இருக்கும்போது காய்ச்சல் வராது. சென்னையில் அலுவலகத்தில் இருக்கும்போது வரும். சிங்கப்பூரில், துபாயில் இருக்கும்போது வரும். அங்கே உள்ள மருத்துவருக்கு நீங்கள் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தது தெரியாது. டெங்கு, டைபாய்டு, வைரஸ் என்று சோதித்துக்கொண்டே ஒரு வாரம் போய்விடும். இந்தக் காய்ச்சலில் அந்த ஒரு வாரம்தான் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மூளையையும் பாதிக்கும் நிலைக்குக் கொண்டுபோகிறது. ஆகவே மருத்துவரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "இன்ன தேதியில் கிராமத்துப் பக்கம் புதரிலும் புல்லிலும் நடந்தேன், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா என்று பாருங்கள்."

அடையாளங்கள்: திடீரென்று ஏறும் கடும் காய்ச்சல், குளிர், மண்டையைப் பிளக்கும் தலைவலி, உடல்வலி, சிலருக்கு இருமல், வாந்தி. கடித்த இடத்தில் வலியே இல்லாத ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிச் சிவந்த வளையத்தோடு, சிகரெட்டால் சுட்டது போல் இருக்கும். அதைப் பார்த்தால் ஏறக்குறைய நோய் தெரிந்த மாதிரி. ஆனால் அது இருக்கும் இடம் அக்குள், தொடை இடுக்கு, மார்பின் கீழ், இடுப்பு மடிப்பு. கூச்சத்தில் நாமும் காட்ட மாட்டோம், அவசரத்தில் மருத்துவரும் கேட்க மாட்டார். நீங்களே கண்ணாடி வைத்துத் தேடுங்கள், இருந்தால் காட்டுங்கள். எல்லோருக்கும் பொருக்கு வருவதில்லை. இல்லை என்பதால் நோய் இல்லை என்றும் ஆகாது.

உண்ணி கடித்து வரும் டைபஸ் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. அதில் சிவந்த புள்ளிகள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும், முக்கியமாக உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வரும். இரண்டுக்கும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: டாக்ஸிசைக்ளின், விலை குறைந்த பழைய மருந்து. ஸ்க்ரப் டைபஸில் கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் கொடுப்பார்கள். சரியான மருந்து உள்ளே போனால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். ரத்தச் சோதனை முதல் சில நாட்களில் நோய் இல்லை என்று தவறாகக் காட்டக்கூடும். அதனால் சந்தேகம் வலுவாக இருந்தால் முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவர்கள் மருந்தைத் தொடங்குவார்கள்.

மருந்துக்கடையில் காய்ச்சல் என்று சொல்லி வாங்கும் மாத்திரைப் பொட்டலம் இங்கே உதவாது. அதில் வழக்கமாக இருக்கும் அமாக்சிசிலின் வகை மருந்துகள் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. காலம்தான் வீணாகும். நீங்களாகவே டாக்ஸிசைக்ளின் வாங்கிப் போடுவதும் சரியில்லை; அளவு, நாள், வயது, கர்ப்பம் எல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டியது அது. இங்கேயே தங்கியிருப்பவர்கள் காரைக்குடி அரசு மருத்துவமனைக்கோ, சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ போகலாம். மூச்சு வாங்குகிறது, பேச்சு குழறுகிறது, சிறுநீர் குறைகிறது என்றால் 108ஐ அழையுங்கள்.

வீட்டையும் நாயையும் பற்றி

வருடத்துக்கு ஒருமுறை திறக்கும் வீட்டில் தங்க வருகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். பூட்டிய வீட்டின் முகப்புத் திண்ணை தெரு நாய்களுக்குப் படுக்கை. நாயிலிருந்து இறங்கிய உண்ணி மேல்நோக்கி ஏறும். நிலைக்கதவின் மூட்டு, தேக்குத் தூணின் பிளவு, காரை பெயர்ந்த சுவர், உத்தர இடுக்கு எல்லாவற்றிலும் ஒளியும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த நாய் உண்ணி ரத்தம் இல்லாமலேயே ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால் நாய் போய் மாதங்கள் ஆகிவிட்டது என்று திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம்.

வரும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆள் விட்டு வீட்டைத் திறக்கச் சொல்லுங்கள். இடுக்குகளைக் கூரான தூரிகையால் குடைந்து, வேக்குவம் கிளீனர் இருந்தால் உறிஞ்சி, குப்பையைக் கட்டி எரித்துவிடட்டும். வளவை (வீட்டின் உள்முற்றத்தை)ச் சுற்றி உள்ள அறைகளைவிட முகப்பும் பின்கட்டும்தான் முக்கியம். சுவர்ப் பிளவுகளைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்கலாம். மருந்து தெளிப்பது என்றால் பூச்சிக்கட்டுப்பாடு தெரிந்தவரை வைத்து, ஒருமுறை தெளித்ததோடு விடாமல், முட்டை பொரிந்த பின் மறுமுறையும் தெளிக்க வேண்டும். கொல்லையில் புதர் வெட்டுகிறவர்களுக்குக் கையுறையும் முழுக்கைச் சட்டையும் கொடுங்கள். வீட்டுக்காரர் தங்குவது இரண்டு நாள், புதரோடு மல்லுக்கட்டுகிறவர் அவர்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

கூட நாயைக் கொண்டுவருகிறவர்கள் பயணத்துக்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் கேட்டு, உண்ணிக்கான மாத்திரையோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ கொடுத்துவிடுங்கள். உண்ணி கடித்து நாய்க்கு வரும் ரத்தக் காய்ச்சல் கொடியது. சோறு இறங்காமல், ஈறு வெளிறி, மூக்கில் ரத்தம் கசிந்து நாய் துவண்டுவிடும். தினமும் சாயங்காலம் காது மடலின் உள்பக்கம், கழுத்துப் பட்டையின் அடி, கால் விரல் இடுக்கு, வால் அடி ஆகிய இடங்களில் பார்த்து எடுங்கள். எடுத்ததைக் கல்லில் வைத்து நசுக்கும் பழக்கம் வேண்டாம், ஸ்பிரிட் டப்பாவில் போடுங்கள். நாய்க்கு என்று விற்கும் சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அதைப் பூனைக்கு ஒரு சொட்டுகூட விடக் கூடாது. மருந்து காயும்வரை அந்த நாயோடு பூனை படுக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.